ஸ்பீக்கரில் ஓடிய தறி

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். அதிலும் எங்கள் தமிழ் ஐயா என் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "நீ பேசாம இருக்கறதே நல்லா இருக்குதுடா" என்று சொல்லி உட்கார வைத்தார். அவர் சொல்லைத் தட்டாமல் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். கடையில் வாங்கிய சட்டை அளவு சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கக்கூடக் கூச்சப்படுகிற ஆள் நான். (பீரோவில் அப்படி நிறையச் சட்டை கிடக்கிறது.) அப்படிப்பட்டவன் புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்தை, அதுவும் சொந்த சமாச்சாரத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் மனைவி சுமதி.

எங்கள் தெருவில் ஓர் இளம் ஜோடி இப்போது குழந்தைக்காக வேலூருக்குப் போய்வருகிறார்கள். அன்றைக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஆஸ்பத்திரிப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன்.

"நம்ம கதைய எழுதுங்க. அதுங்களாச்சும் படிச்சிட்டு கொஞ்சம் சிரிக்கட்டும்" என்றாள்.

"உன் பேரும் வருமே?"

"வரட்டும். இந்தத் தெருவுக்குத் தெரியாததா புதுசா தெரிஞ்சிடப் போவுது?"

அது உண்மைதான். அந்தக் கதையே அதுதான்.

குழந்தை இல்லாத வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையைப் பற்றியே பேசுவார்கள். எந்தக் கோயில், எந்த டாக்டர், எந்தக் கீரை என்று சொல்வார்கள். ஆனால் குழந்தைக்கு முன்னால் நடக்க வேண்டிய ஒன்று அந்த வீட்டில் நின்றுபோயிருக்கலாம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம். வேலூர் டாக்டரம்மா இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, பெரிய குறை ஒன்றும் இல்லை என்றார். மாதாமாதம் சுமதிக்கு ஸ்கேன் பார்த்து, ஊசி போட்டு, "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க" என்று நாள் குறித்துக் கொடுப்பார். முதல் ஒன்றிரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் அந்த நாள் வந்தாலே எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது.

பட்டுப்புடவை நெய்கிறவன் நான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முதலாளி வந்து புடவை கேட்டால்கூட ஓர் இழை தவறாது. டாக்டரம்மா குறித்த நாளில் எல்லாமே தவறியது. சுமதிக்கு வலிக்கும். வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம்" என்பாள். அந்தச் 'சீக்கிரம்' காதில் விழுந்ததும் என் உடம்பு கடையைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடும். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் திறக்காது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். (தாகம் எடுத்து அல்ல. வேறு எங்கே போவது என்று தெரியாமல்.)

டாக்டரம்மா அதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரணியில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் தெரிந்த முகம். அதனால் கண்ணமங்கலம் போய் வாங்கினேன். கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவசரமாக, "எங்க மாமாவுக்கு" என்றேன். "மாமாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். எழுபது என்று சொல்லிவிட்டேன். அவர் மாமாவின் இதயத்தைப் பற்றி அக்கறையாக நிறைய விசாரித்தார். எனக்கு மாமாவே கிடையாது.

டாக்டரம்மா குறிக்காத நாட்களில் நாங்கள் ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லாமல் போயிற்று. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஆசையாக மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தேன். சுமதி பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இன்னைக்கு நாள் இல்லையே?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. மெய்யாகவே சந்தேகத்தோடு கேட்டாள். பூவைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டோம்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்கட்டில், காலை இறக்கி மிதிக்கக் குழி வெட்டிய தறி, அதை ஒட்டி ஒரே ஓர் அறை, பின்னால் சமையல். இரவில் என் அம்மா தறிக்குப் பக்கத்தில்தான் படுப்பார். எலி ஓடினால்கூட, "யாரு?" என்பார். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. ஆனால் அதைப் போடுகிற சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்கும். அதனால்தான் எங்களுக்குப் பகல். ஆனால் பகலிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதுதான் தறிச் சத்தம்.

எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர். யார் தறி ஓடுகிறது, யாருடையது நின்றிருக்கிறது என்று எல்லோருக்கும் காதிலேயே தெரியும். ஒரு தறி திடீரென்று நின்று கொஞ்ச நேரம் ஓடவில்லை என்றால், இழை சிக்கியிருக்கும், புடவையில் பூ விழவைக்க மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டி மாட்டியிருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே உதவிக்கு வந்துவிடுவார். நல்ல பழக்கம்தான். ஒரு மாதம், டாக்டரம்மா குறித்த நாளில், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நான் தறியை நிறுத்திவிட்டு அறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் கையில் ஸ்பேனரோடு தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா பழனி, தறி நின்னுப்போச்சே? பெட்டி மாட்டிக்கிச்சா?"

நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்து, ஆமாம் என்று தலையாட்டினேன். பாவம், மனிதர் மேலே ஏறி ஜக்கார்டு பெட்டியை முழுசாகக் கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டினார். "நல்லாத்தானே கீது!" என்று ஆச்சரியப்பட்டார். அவர் இறங்குவதற்குள் அம்மா கோயிலிலிருந்து பிரசாதத்தோடு வந்துவிட்டார். அந்த மாதம் அப்படிப் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் சுமதி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும். "அடுத்த மாசமும் இப்படியே ஆச்சின்னா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிடறேன். நீங்க வேற யாரையாச்சும் பார்த்துக் கட்டிக்கோங்க. உங்களுக்கு என் மேல ஆசை இல்ல. அது எனக்குத் தெரியுது" என்றாள். அவள் அம்மா வீடு முள்ளிப்பட்டு. ஷேர் ஆட்டோவில் ஏறினால் வந்துவிடும். ஆனால் அவள் சொன்ன விதத்தில் அது டெல்லிக்கு அப்பால் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தமிழ் ஐயா ஞாபகத்துக்கு வந்தாரோ என்னவோ, மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் டாக்டரம்மா நாள் குறித்தார். அம்மாவும் அந்த நேரம் பார்த்து, அக்கா வீட்டு விசேஷத்துக்குச் சேத்துப்பட்டு கிளம்பினார். எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தேன். முந்தின நாள் மத்தியானம் ஏழுமலை அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"பழனி, நாளைக்குக் காலையில நம்ம பாவு நீட்டறோம். நீயும் சுமதியும் வந்துடுங்க."

பாவு என்றால் புடவையின் நீளவாட்டு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் முழு நீளத்துக்கும் விரித்து, இழை பிரித்து, கஞ்சி தெளித்துக் காயவைத்துச் சுருட்டுவோம். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். யாராவது கையை விட்டால் பட்டு இழை எல்லாம் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து நிற்கும். வர முடியாது என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: அவசரப் புடவை தறியில் இருக்க வேண்டும். சாவு வீட்டுக்கு அடுத்தபடி மதிப்பு அதற்குத்தான்.

"முகூர்த்தப் புடவைண்ணே. முதலாளி காலையிலேயே கேட்டுக்கினு கீறாரு. தறிய விட்டு ஏந்திரிக்க முடியாது. சுமதி பக்கத்துல இருந்து ஜரிகை எடுத்துக் குடுக்கணும்" என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் தடுமாறாமல் சொன்ன முதல் பொய்.

"சரி, நீ ஓட்டு" என்று போய்விட்டார்.

அப்புறம்தான் உறைத்தது. ஓட்டு என்று சொல்லிவிட்டார். அப்படியானால் தறி ஓட வேண்டும். அவர் பாவை எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரில் நீட்டுவார்கள். தறி ஓடவில்லை என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். தறி ஓடினால் நான் அறையில் இருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்கிற நாட்களில் எல்லாம் எனக்கு ஏதாவது ஒரு கஷ்டம் வந்திருக்கிறது.) தறியில் பாட்டுக் கேட்பதற்காக ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் உட்கார்ந்து, கச்சேரி செய்கிறவர் மாதிரி ஒழுங்காகத் தறி ஓட்டி, போனில் பதிவு செய்தேன். போனில் இடம் இல்லாததால் கொஞ்ச நேரத்துக்குத்தான் பதிவானது. பரவாயில்லை, திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி வைத்துவிட்டேன். சுமதியிடம் காட்டினேன்.

"இதுக்கு இவ்ளோ யோசிச்சீங்களா?"

"ஆமா."

ஸ்பீக்கரை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். கோபமா, பாசமா என்று எனக்கு அப்போது பிரிக்கத் தெரியவில்லை.

காலையில் தெருவில் பாவு விரிக்கிற சத்தம் கேட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஸ்பீக்கரை ஜன்னல் ஓரத்தில் தெருவைப் பார்த்து வைத்தேன். போனைக் கை தவறித் தட்டிவிடக் கூடாது என்று ஜக்கார்டு பெட்டிக்கு மேலே ஏற்றி வைத்தேன். தறி ஓடியது. நிஜமாகச் சொல்கிறேன், நானே ஓட்டினாலும் அவ்வளவு நன்றாக இருக்காது. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

சுமதி தலைகுளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நெற்றியில் பெரிய பொட்டு. எனக்காக வைத்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது என் கண்ணில் பட்டதே தவிர மனசில் படவில்லை. காரணம், நான் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் படுத்தேன். கையைப் பிடித்தேன். வெளியே தறி ஓடுகிறது. ஓரிடத்தில் தறிப் பலகையின் ஓர் அடி லேசாக விழுந்தது என் காதில் உறுத்தியது. அந்த இடத்தில் பார்டர் தளர்ந்திருக்குமே என்று கவலை வந்துவிட்டது.

"என்ன யோசிக்கிறீங்க?" என்றாள், மெதுவாக, என் முகத்துக்குப் பக்கத்தில்.

"பார்டர் பக்கத்துல ஒரு அடி சரியா விழல" என்றேன்.

உலகத்தில் எந்தப் புருஷனாவது எந்தப் பொண்டாட்டியிடமாவது இந்த நேரத்தில் இப்படிச் சொல்லியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. அவள் கையை உருவிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். முள்ளிப்பட்டு ஆட்டோ வாசலில் வந்து நிற்பது போலிருந்தது.

அந்த நேரம் தறிச் சத்தத்துக்கு நடுவே பெரிதாக ஒரு தும்மல் கேட்டது. என்னுடைய தும்மல். அதற்குப் பின்னாலேயே சுமதியின் குரல்: "ஏங்க, பால் பொங்குதா பாருங்க!" நேற்றுப் பதிவு செய்தபோது அதுவும் பதிவாகியிருக்கிறது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தோம். வெளியே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தறி ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தும்மல். "ஏங்க, பால் பொங்குதா பாருங்க!" அப்புறம் மறுபடியும்.

ஏழுமலை அண்ணன் மனைவி குமாரி அக்காவின் குரல் தெருவிலிருந்து வந்தது. "இன்னாடி இது, அப்போ புடிச்சி இவங்க ஊட்ல பால் பொங்கிக்கினே கீது?"

"அவனும் தும்மிக்கினே கீறான்" என்றார் அண்ணன். "ஜுரமா இருக்கும். யாராச்சும் போய்ப் பாருங்களேன்."

"பாவ உட்டுட்டு எப்படிப் போறது? சுருட்டி முடிச்சிட்டுப் போவலாம், இரு."

அவர்கள் வருவதற்குள் என்ன செய்யலாம் என்று சுமதியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அப்போது தறிச் சத்தம் பட்டென்று நின்றது. போன் மணி அடித்தது.

கையில் பட்டும் ஜரிகையும் இருக்கும்போது போனை எடுக்க முடியாது. அதனால் ஸ்பீக்கரோடு இணைத்திருக்கும்போது யார் கூப்பிட்டாலும் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி போன் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். முதலாளி கூப்பிட்டால் தறியிலிருந்தபடியே, "இதோ முடிஞ்சிடுச்சுங்க" என்று சொல்ல வசதி. அது அன்றைக்கும் தன் கடமையைச் செய்தது.

"ஹலோ, பழனி சாருங்களா?" என்றது ஸ்பீக்கர், தெரு முழுக்கக் கேட்கும்படி. "ஆஸ்பத்திரில இருந்து சிஸ்டர் பேசறேன். சுமதிக்கு ஊசி போட்டோமில்ல? டாக்டர் கேக்கச் சொன்னாங்க. காலையில ஒண்ணா இருந்தீங்களா?"

நான் கட்டிலிலிருந்து குதித்தேன். தாழ்ப்பாள் வரவில்லை.

"சார், கூச்சப்படாதீங்க. போன மாசம் மாதிரி முடியலன்னாலும் பரவால்ல. டென்ஷன்ல நிறைய ஆம்பளைங்களுக்கு இப்படித்தான் ஆவும். அந்த மாத்திரை போட்டீங்களா?"

ஒருவழியாகத் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்து ஓடினேன். ஜக்கார்டு பெட்டி மேலே இருந்த போனை எட்டப் பார்த்துத் தறிக் குழிக்குள் விழுந்தேன். லுங்கி மேலே மாட்டிக்கொண்டது. குழிக்குள்ளிருந்தே கையை நீட்டி ஸ்பீக்கரின் பட்டனை அமுக்கினேன். அது சத்தத்தைக் கூட்டுகிற பட்டன்.

"போட்டும் வரலையா சார்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. இங்க ஒண்ணும் கேக்கல!"

சிஸ்டரின் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. அவ்வளவு அக்கறையாக என்னிடம் இதைப் பற்றி அதுவரை யாரும் பேசியதில்லை. அதைத் தெருவில் பாதிப் பேர் கூடவே கேட்டார்கள், அவ்வளவுதான்.

சுமதிதான் வந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, ஸ்டூல் மேல் ஏறிப் போனை எடுத்தாள். "சிஸ்டர், நான் சுமதி. முடியல. இத தெருவே கேட்டுக்கினு கீது. அப்புறம் பேசறேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனையும் ஸ்பீக்கரையும் அணைத்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழியிலிருந்து பார்த்ததால் கண் மட்டும்தான் ஜன்னல் விளிம்புக்கு மேலே இருந்தது. பாவின் இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நிற்கிறார்கள். கையை விட்டால் இழை சிக்கிவிடும் என்பதால் ஒருவராலும் ஓட முடியவில்லை, முகத்தை மூட முடியவில்லை, காதைப் பொத்தவும் முடியவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து இழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் அடக்க முடியாமல் குலுங்கியிருக்க வேண்டும். அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் பாவு முழுக்க நடுங்கியது.

"பாவு! பாவு! புடிங்கடா!" என்று ஏழுமலை அண்ணன் கத்தினார்.

நான் இனி குழியை விட்டு வருவதில்லை என்று முடிவு செய்தேன். சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தால் மிச்சக் காலத்தை நெய்துகொண்டே கழித்துவிடலாம் என்று தோன்றியது. சுமதி வாசல் கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிட்டாள்.

"என்ன பார்க்கறீங்க? ஆமா, வேலூருக்குப் போய்க்கினுதான் இருக்கோம். ஒளிச்சி ஒளிச்சி எங்களுக்கும் பேஜாராப் போச்சி" என்றாள். நேராகப் போய்ப் பாவில் ஆள் இல்லாத இடத்தில் நின்று இழையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வீட்டைப் பார்த்து, "ஏங்க, வாங்க. இங்க இன்னும் ஒரு ஆளு கொறையுது" என்றாள்.

அவள் கூப்பிட்டபோது எனக்குக் கேட்டது ஒன்றுதான். முள்ளிப்பட்டுக்கு இன்னும் கிளம்பவில்லை. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன்.

கஞ்சி தெளித்தார்கள். இழை பிரித்தார்கள். இந்த அமைதிக்கு அந்த ஸ்பீக்கரே தேவலை என்று இருந்தது. கடைசியில் ஏழுமலை அண்ணனால் பொறுக்க முடியவில்லை. நல்ல மனசு. எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார்.

"பழனி, இதுக்கெல்லாம் போய் மாத்திரையா? தெனம் முருங்கைப்பூவ பால்ல காய்ச்சிக் குடி. நான்லாம் அந்தக் காலத்துல..."

"யோவ், நீ சும்மா இரு" என்றாள் குமாரி அக்கா, எதிர்ப்பக்கத்திலிருந்து. "உன் முருங்கைப்பூ லட்சணம் எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். தெரு மொத்தமும் வெடித்துச் சிரித்தது. பாவு ஊஞ்சல் மாதிரி ஆடியது. "அய்யோ பாவு!" என்று அண்ணன் அலறினார். அந்த அலறலில் இன்னும் சிரித்தார்கள். நான் சிரித்தேன். எதிரில் சுமதி, இழையை விட முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெரிய பொட்டு அப்போதுதான் என் மனசில் பட்டது.

சிரிப்பு அடங்கின பிறகு குமாரி அக்கா சுமதியிடம் தணிந்த குரலில் பேசினாள். "பெரியவன் பொறக்கறதுக்கு முன்ன எங்களுக்கும் ரொம்ப வருஷம் இப்படித்தான்டி. இவரு அந்தச் செவுத்தப் பார்த்துப் படுப்பாரு. நான் இந்தச் செவுத்தப் பார்த்துப் படுப்பேன். யாராண்ட போய்ச் சொல்றது?" ஏழுமலை அண்ணன் காதில் விழாத மாதிரி ஒரே இழையை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

பாவைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். சுமதி பரண் மேலிருந்து, ஊருக்கு எடுத்துப்போகிற பையை எடுத்தாள். எனக்குத் திக்கென்றது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான் என்று தெரிந்தது. பேசினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"சுமதி, ஆசை இல்லாம இல்ல. நாள் குறிச்சிட்டா பயமா கீது. உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். வலிச்சிக்கினே நீ படுத்துக்கினு இருப்ப. நான் ஏதோ தண்டனை குடுக்கற மாதிரி இருக்கும். அப்புறம் எப்படி வரும்?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"வாய் வரல."

"எனக்கும்தான் வரல. வலிக்குதுன்னு சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. நிறுத்திட்டா அந்த மாசம் போயிடும். அதான் சீக்கிரம் சீக்கிரம்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கு என்னப் புடிக்கலையோன்னு நினைச்சேன். ஒரு மனுஷன் பொண்டாட்டி பக்கத்துல படுத்துக்கினு பார்டரப் பத்தி யோசிச்சா வேற என்ன நெனைக்கறது?"

"உன்னப் புடிக்கும்" என்றேன். இவ்வளவு வருடத்தில் அதை நான் சொன்னதே இல்லை. சொன்னதும் வெட்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

அவள் ஸ்கேன் படங்கள், சீட்டுகள், கண்ணமங்கலம் மாத்திரை எல்லாவற்றையும் அந்தப் பைக்குள் போட்டுப் பரண் மேலேயே திரும்ப வைத்தாள். "கொஞ்ச நாளைக்கு இது மேலயே கெடக்கட்டும்" என்றாள்.

சில மாதம் கழித்து இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னோம். சுமதி சொன்னாள், நான் தலையாட்டினேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "குழந்தைக்காக வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு இந்தக் கஷ்டம் இருக்கு. யாரும் சொல்றதில்ல. இதுக்கும் வைத்தியம் இருக்கு, சுமதிக்கு வலிக்கிறதுக்கும் இருக்கு. முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அது மெல்ல மெல்லச் சரியானது. குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறக்கவில்லை. அதற்காக இரண்டு பேரும் அழுத நாட்கள் உண்டு. ஆனால் தனித்தனிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழவில்லை.

தெரு என்னை விடவில்லை. இன்றைக்கும் என் தறி நன்றாக ஓடினால் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நீயா, ஸ்பீக்கரா?" என்பார்கள். யார் தும்மினாலும் தெருவில் ஒருவராவது, "பால் பொங்குதா பாரு" என்பார். புதிதாக வாழ வந்த மருமகள்கள் இது ஏதோ ஊர்ச் சகுனம் என்று நினைத்து அடுப்பைப் போய்ப் பார்க்கிறார்கள். என் அம்மா சேத்துப்பட்டிலிருந்து வந்ததும் அவரிடமும் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் கோயிலுக்குப் போனால் முன்பைவிட நேரம் கழித்து வர ஆரம்பித்தார்.

பாவு நீட்டிய அந்த நாளுக்கு மறுநாள் காலையில் சிஸ்டர் மறுபடி கூப்பிட்டார். சுமதி எடுத்து, இந்த மாதம் வேண்டாம் என்று சொன்னாள். நான் மத்தியானம் வரை தறி ஓட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அவள் பக்கத்தில் படுத்தேன். அவள் என் மேல் கையைப் போட்டாள். இரண்டு பேரும் அப்படியே சாயங்காலம் வரைக்கும் தூங்கிவிட்டோம்.